ஆறு கஜ வட்டமும் ரோஜரின் கல்லும்

ஆசிரியருக்கு,

வணக்கம். பெரியவர்கள் யாருமில்லாத தீவில் சிக்கிக்கொண்ட ஆங்கிலேயச் சிறுவர்களைப் பற்றிய, வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' (1954) நாவலைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, தீமையின் உருவம் என்று வேட்டைக் கூட்டத்தின் தலைவன் ஜாக்கைக் காட்டுகிறது. பரீட்சை நோட்ஸ்களும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் ஜாக்குக்குப் பதவி வேண்டும், இறைச்சி வேண்டும், நாலு பேர் தன் பின்னால் வர வேண்டும். அவன் செய்வதற்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லிவிடலாம். அப்படி ஒரு காரணமும் சிக்காதவன், அவன் கூட்டத்திலுள்ள ரோஜர். தீமை மனிதனுக்குள்ளேயே ஊறுவது என்ற கோல்டிங்கின் வாதம் அவனை வைத்துத்தான் நிற்கிறது.

அவன் எறிகிற கற்களை மட்டும் தொடர்ந்து பார்த்தால் போதும். நான்காம் அத்தியாயத்தில் ஹென்றி என்ற பொடியன் கடலோரம் விளையாடிக்கொண்டிருக்க, ரோஜர் கல்லெறிகிறான். பையன் திரும்பினால் தென்னைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். ஒரு கல்லும் மேலே படவில்லை. ஹென்றியைச் சுற்றி ஏறத்தாழ 6 கஜ விட்டத்துக்குள் எறிய அவனுக்குக் கை வரவில்லை. பெற்றோர், பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் ஆகியவைதான் அந்த வட்டத்துக்குக் காவல் என்கிறார் கோல்டிங். எல்லாமே வெளியிலிருந்து வந்த காவல். ரோஜருடையது என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. சற்று முன்புதான் ரோஜரும் மாரிஸ் என்ற பையனும் குழந்தைகளின் மணல்வீட்டை மிதித்திருந்தார்கள். மாரிஸுக்காவது, முன்பு ஒரு சின்னவன் கண்ணில் மண்ணைப் போட்டு வாங்கிய தண்டனை உள்ளே உறுத்துகிறது.

வட்டம் அழிவது பத்தாம் அத்தியாயத்தில். வில்ஃப்ரெட் என்ற பையனைக் கட்டிவைத்து அடிக்கப் போகிறார்கள், எதற்கென்று ஜாக் சொல்லவில்லை என்று கூட்டாளி ராபர்ட் ரோஜரிடம் சொல்கிறான். கேள்வி கேட்பாரில்லாத அதிகாரத்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பது ரோஜருக்கு அங்கே பிடிபடுகிறது. பல வகுப்புகளில் இந்த அரைப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு பதினோராம் அத்தியாயம். சாம், எரிக் என்ற இரட்டையர்களுக்கு நடுவே, அவர்கள் மேல் படாமல் ஒரு சின்னக் கல் எறிகிறான், பழைய விளையாட்டேதான். அடுத்து, பாறைக்கு அடியில் செருகிய நெம்புகோலில் முழு எடையையும் சாய்க்கிறான். ரால்ஃபின் நண்பன் பிக்கி 40 அடி கீழே விழுகிறான், பேசும் உரிமைக்கு அடையாளமாக அவன் கையிலிருந்த சங்கு தூள்தூளாகிறது. தள்ளச் சொல்லி ஜாக் உத்தரவிடவில்லை. அவன் கீழே, சிறுவர்கள் முதலில் தேர்ந்தெடுத்த தலைவன் ரால்ஃபை எதிர்த்து நின்றுகொண்டிருந்தான்.

நிஜத்தில், 1965-இல் பசிபிக் கடலின் அட்டா தீவில் ஒதுங்கிய 6 டோங்கா சிறுவர்கள் சுமார் 15 மாதம் ஒற்றுமையாக வாழ்ந்ததைச் சொல்லி, கோல்டிங் தோற்றார் என்கிறது கட்டுரை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த அறுவரும் ஒரே விடுதிப் பள்ளியில் படித்தவர்கள். கூடிப் பேசி, ஒன்றாகப் படகேறியவர்கள். ரோஜரோ யாரோடும் ஒட்டாதவன் என்று நாவல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

ஒரு திருத்தம்: தலைவனைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடலாம் என்று முதலில் சொன்னவன் ரால்ஃப் என்று கட்டுரையில் வந்திருக்கிறது. அதைச் சொன்னவன் ரோஜர்.

ஆங்கில இலக்கிய ஆசிரியர்,
பாளையங்கோட்டை