ஆர்லாண்டோ போகிறவர்கள் ஊற்றுக்கும் ஒரு நாள் ஒதுக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பலர் இப்போது ஆர்லாண்டோவுக்கும் போய் வருகிறார்கள். ஆனால் நம் பத்திரிகைகளின் சுற்றுலாப் பக்கங்கள் டிஸ்னிக்கு நான்கு நாள், யுனிவர்சலுக்கு இரண்டு நாள் என்று கணக்கை முடித்துவிடுகின்றன. அறுபதைத் தாண்டியவர்கள் புளோரிடா வெயிலில் வரிசை வரிசையாக நின்றால், மூன்றாம் நாள் கால் வீங்கி அறையிலேயே படுத்துவிடுவார்கள். ஒரு வாரம் தங்குகிறவர்கள் இரண்டு நாளாவது தீம் பார்க்குகளுக்கு வெளியே கழிக்க வேண்டும். எந்த மாதம் போகிறோம், எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதை வைத்தே அந்த நாட்கள் இனிக்கும் அல்லது வீணாகும். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை ப்ளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்கா. நகரத்துக்கு வடக்கே, ஆரஞ்ச் சிட்டி என்ற ஊரில் இருக்கிறது. காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பூமிக்கடியிலிருந்து பொங்கி வரும் அந்த ஊற்றுநீர் ஆண்டு முழுக்க 22 டிகிரி செல்சியஸிலேயே இருக்கும். பக்கத்தில் ஓடும் செயின்ட் ஜான்ஸ் ஆறு குளிர்காலத்தில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மானட்டீ என்னும் பெரிய நீர்வாழ் பாலூட்டிகளால் தாங்க முடியாது. வெதுவெதுப்பைத் தேடி நூற்றுக்கணக்கில் ஊற்றோடைக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.

மானட்டீ நம் பாக் நீரிணை ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, உறவு. ஆவுளியாவின் வால் ஓங்கில் (டால்பின்) வால் போலப் பிளந்திருக்கும். மானட்டீக்கு அது துடுப்பு போல ஒரே வட்டம். தமிழ்நாடு அரசு 2022-ல் 448 சதுர கி.மீ. கடலை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தது. நம் கடலில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மீனவர்களைத் தவிர மிகச் சிலரே. இங்கே ஓடையை ஒட்டிப் போட்டிருக்கும் மரப்பலகை நடைபாதையில் நின்றாலே போதும். தெளிந்த தண்ணீருக்கடியில் பாறை போலக் கிடப்பது மெல்ல மேலே வரும். இரண்டு மூக்குத் துளைகள் மட்டும் திறந்து புஸ்ஸென்று மூச்சு விட்டு, மறுபடி மூடிக்கொண்டு இறங்கிவிடும். முதுகில் வரிவரியாக வெள்ளைத் தழும்புகள் தெரியும். படகு விசிறிகள் வெட்டிய காயங்கள் அவை. அந்தத் தழும்புகளை வைத்தே பூங்காவினர் ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

முந்தின இரவு எவ்வளவு குளிரோ, காலையில் அவ்வளவு கூட்டம் மானட்டீ இருக்கும். வெயில் ஏறினால் மேய்ச்சலுக்கு ஆற்றுக்குக் கிளம்பிவிடும். பதினொரு மணிக்கு மேல் போய் ‘ஒன்றுமே இல்லையே’ என்று திரும்புகிறவர்களின் தவறு இதுதான். வாயில் காலை 8 மணிக்குத் திறக்கும். சனி, ஞாயிறு என்றால் அதற்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். வண்டி நிறுத்துமிடம் நிறைந்ததும் வாயிலை மூடிவிடுவார்கள். வார நாளில் போவது உத்தமம். ஸ்வெட்டர் அவசியம். தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலராய்டு கண்ணாடி இருந்தால் அடி வரை தெரியும். மானட்டீ வந்திருக்கும் மாதங்களில் அங்கே குளிக்க அனுமதி கிடையாது.

கோடையில் போகிறவர்கள் மானட்டீயை மறந்துவிட்டு, குளியலுக்கு அப்பாப்காவில் உள்ள வெக்கிவா ஊற்றுக்குப் போகலாம். அதுவும் அதே 22 டிகிரிதான். ஆகஸ்ட் வெயிலில் இறங்கினால் குற்றாலம் நினைவுக்கு வரும். கயாக், கேனோ என்ற சிறு துடுப்புப் படகுகள் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு பூங்காக்களிலும் எட்டுப் பேர் வரை ஏறிய ஒரு காருக்கு நுழைவுக் கட்டணம் 6 டாலர். டிஸ்னியில் ஒரு ஆளுக்கே ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல். கிளம்பும் முன் மாநிலப் பூங்காக்களின் இணையதளத்தில் முன்பதிவு தேவையா, குளிக்குமிடம் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரு பக்கத்துக் கடற்காற்றும் நடு புளோரிடாவில் மோதுவதால் பிற்பகலில் இடி மின்னல் சகஜம். மின்னல் வந்தால் தண்ணீரை விட்டு ஏற்றிவிடுவார்கள். ஆகவே தண்ணீர் வேலையெல்லாம் மதியத்துக்குள் முடிய வேண்டும்.

இந்த ஊற்றுகளும் ஊரெங்கும் கிடக்கும் வட்ட வட்ட ஏரிகளும் ஒரே காரணத்தால் வந்தவை. நிலத்துக்கடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் கரைத்துக் குகையாக்கும்; கூரை தாங்காதபோது நிலம் உள்ளே போகும். 1981 மே மாதம் ஆர்லாண்டோவை ஒட்டிய விண்டர் பார்க் என்ற ஊரில் இப்படித்தான் ஒரு வீட்டையும் சில கார்களையும் மண் விழுங்கியது. அந்தப் பள்ளம் இன்று ஒரு ஏரி.

அதே விண்டர் பார்க்கில் முதியவர்களுக்கு ஏற்ற படகுச் சவாரி இருக்கிறது. 1938 முதல் நடக்கிறது. மோர்ஸ் புல்வார்டு சாலையின் கிழக்கு முனையில் படகுத்துறை. காலை 10 முதல் மாலை 4 வரை மணிக்கொரு படகு, சவாரி ஒரு மணி நேரம், மூன்று ஏரிகள். ஏரிகளை இணைக்கும் ஒடுங்கிய கால்வாய்கள் ஒரு காலத்தில் மரத்தடிகளை மிதக்கவிட வெட்டியவை. நம் பாம்புத்தாராவின் உறவுக்காரப் பறவை கரையோர மரங்களில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். படகுக்குக் கூரை இல்லை, தொப்பி வேண்டும். அங்கிருந்து நடை தூரத்தில் மோர்ஸ் அருங்காட்சியகம். 1893 சிகாகோ கண்காட்சிக்காகக் கண்ணாடிக் கலைஞர் டிஃபனி வடிவமைத்த கண்ணாடித் தேவாலயத்தின் உட்புறம் அங்கே இருக்கிறது. திங்கள் விடுமுறை.

கென்னடி விண்வெளி மையத்துக்குக் கிழக்கே ஒரு மணி நேரப் பயணம்; முழு நாள் வேண்டும். உள்ளே போனதும் முதலில் பேருந்துச் சுற்றில் ஏறிவிடுங்கள். 110 மீட்டர் நீளச் சாட்டர்ன் 5 ராக்கெட் இருக்கும் கூடத்துக்கு அந்தப் பேருந்தில்தான் போக முடியும். தாமதித்தால் கடைசிப் பேருந்து போய்விடும். பிறகு அட்லாண்டிஸ் விண்கலம். அதே கட்டடத்தில், சாலஞ்சர், கொலம்பியா விண்கல விபத்துகளில் இறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட பதினான்கு வீரர்களின் நினைவிடம் இருக்கிறது. கொலம்பியாவின் ஜன்னல் சட்டங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். ராக்கெட் ஏவும் நாளானால் டைட்டஸ்வில் கரையிலிருந்து இலவசமாகவே பார்க்கலாம். சுமார் 20 கி.மீ. தூரம் என்பதால் வெளிச்சம் தெரிந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். ஏவுதல் அடிக்கடி தள்ளிப்போகும். அதை நம்பி விமானச் சீட்டைப் போட வேண்டாம்.

போக்குவரத்துக்கு வாடகைக் கார்தான் வசதி. சன்ரெயில் ரயில் விண்டர் பார்க்குக்குப் போகும். ஆனால் வாரக் கடைசியில் ஓடாது, விமான நிலையத்துக்கும் டிஸ்னிக்கும் பாதையே இல்லை. ஆர்லாண்டோ விமான நிலையத்தில் காரை எடுத்து அங்கேயே திருப்பித் தருகிறவர்களுக்கு, பயணிகளுக்கான டோல் பாஸ் இலவசமாகக் கிடைக்கும். முன்கூட்டியே செயலியில் பதிந்துவிட்டு, வந்திறங்கியதும் வாங்கிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டால் வெறும் டோல் மட்டுமே கழியும். இல்லையென்றால் கார் நிறுவனம் தன் பங்குக்கு நாள் கட்டணமும் சேர்த்து வசூலிக்கும்.

விடுதிக்குப் பின்னால் குளம் இருந்தால் பெரியவர்கள் இருட்டிய பிறகு அதன் ஓரத்தில் நடக்க வேண்டாம். புளோரிடாவில் எந்த நன்னீரிலும் முதலை இருக்கலாம். அதற்கு உணவு போடுவது சட்டப்படி குற்றம்.

தங்கள் சுற்றுலா இணைப்பில் இனி ஆர்லாண்டோ பற்றி வரும்போது இவற்றை மாதவாரியாகப் பிரித்து வெளியிட்டால் டிக்கெட் போடும் முன்பே வாசகர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர், ஆர்லாண்டோ, புளோரிடா