கொரோனா நிவாரண நிதி: நகர மன்றங்களுக்கு உதவப் போகிறவர்கள் கவனத்திற்கு

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் (2021) மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் ஒதுக்கிய 35,000 கோடி டாலரில் நம் சிறு நகரங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் இது ஒருமுறை மட்டும் வரும் பணம். இதை நம்பி நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தால், நிதி தீர்ந்ததும் சம்பளத்துக்குத் திண்டாட வேண்டிவரும். மன்றத்தாரிடம் இதைத்தான் முதலில் அழுத்திச் சொல்லுங்கள்.

குடிநீர்க் குழாய், கழிவுநீர், அகலக்கற்றை இணையம் இவற்றுக்கெல்லாம் செலவிடலாம்; ஓய்வூதிய நிதியில் போடக் கூடாது. ஒப்பந்தம் போட 2024 டிசம்பர் 31 கடைசி நாளாக இருந்தது; அந்தப் பணத்தைச் செலவழிக்க 2026 டிசம்பர் 31 கடைசி நாள். அப்புறம், கொரோனாவில் அதிகம் அடிபட்ட தெருக்களில் குடியிருப்பவர்களிடம் பேசாமல் செலவுப் பட்டியல் தயாரிக்காதீர்கள். மன்றங்களுக்கு உதவ வர முடிந்தவர்கள் இன்றிரவுக்குள் இங்கே சொல்லுங்கள்.