காலண்டர் தாளில் ஓர் ஊர்

மேட்டூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பேரன் வந்திருந்தான். அவன் ஊருக்குப் போன பிறகுதான் மேஜை கண்ணுக்குத் தெரிந்தது. உன் முட்டிவலி இப்போது தேவலையா?

மேட்டூர் அணைக்குள் முழுகிப்போன ஊரைப் பற்றிய என் நாவல் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். மறுபடியும் முதலிலிருந்து, சிரிக்காதே. 'உட்கார்ந்து எழுது, தானா வரும்' என்ற உன் பேச்சைக் கேட்டு இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் எண்பதாம் பக்கத்தில் வண்டி படுத்துவிட்டது.

இந்த முறை பழைய தினசரி காலண்டரைப் பிரித்தேன். தாளுக்கு ஒரு சம்பவம் என்று பின்பக்கத்தில் எழுதி, ஃபேனை நிறுத்திவிட்டு, கூடம் முழுக்கப் பரப்பினேன். நான் நகர்த்த முடியாத தாள்கள் இரண்டுதான்: 1925, அணை வேலை தொடக்கம், 1934, முடிவு. அதற்குள் ஊர் காலியாகியாக வேண்டும்.

பரப்பியதுமே மானம் போயிற்று. என் அஞ்சலைக்கு ஊர் முழுகும்போது பன்னிரண்டு வயசு. 1982இல் தண்ணீர் வற்றியதும் பண்ணவாடிப் பக்கம் முழுகிய கோயிலின் நந்தியைப் பார்க்க வருகிறாளே, அந்த அத்தியாயத்தில் அவள் பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாள். அறுபது வயசில்! இரண்டு பிரதியிலும் இது என் கண்ணில் படவே இல்லை. நீயும் படித்தாய், சொல்லவில்லை. இப்போது அவளுடைய மருமகளைப் பிள்ளைத்தாச்சியாக்கிவிட்டேன்.

வருஷக் கணக்கு சுலபம். நாவலில் வரும் பெரியண்ணனின் தாள்தான் மூன்று நாள் படுத்தியது. ஊரே நிலத்தை விடமாட்டோம் என்று நிற்கிறது. அவன் மட்டும் ரகசியமாக நஷ்டஈடு வாங்கிவிடுகிறான். இதை வாசகனுக்கு எப்போது சொல்வது? இருபதாம் அத்தியாயத்தில் வைத்தால் ஒரு அதிர்ச்சி, அவ்வளவுதான். மூன்றாம் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் அவன் தம்பியோடு சாதாரணமாகச் சோறு தின்கிற காட்சிகூடக் கனத்துவிட்டது. அந்தக் காட்சியில் ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை.

முடிவு தெரிந்துவிட்டால் எழுதுகிற ஆசை செத்துப்போகும் என்பாய். இந்தக் கதையில் ஊர் முழுகும் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரியுமேடா.

சரி, ஓர் உதவி. உன் தாத்தா ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமாக இருந்தவர்தானே? அந்தக் காலத்தில் நஷ்டஈட்டை ஊரில் வந்து கையில் கொடுத்தார்களா, தாலுகா கஜானாவுக்குப் போய் வாங்க வேண்டுமா? பரணில் அவர் நோட்டு ஏதாவது கிடந்தால் பார். பெரியண்ணன் யார் கண்ணிலும் படாமல் பணத்தை எப்படிக் கொண்டுவந்தான் என்ற தாள் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

உன்,
குமரேசன்