ஒலிப்பதிவு சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒலிப்பதிவு படிக்க வரும் பிள்ளைகளை முதல் நாளே கணினி முன்னால் உட்கார வைக்கிறீர்கள். நானும் அப்படிப் படித்தவன்தான். டிரம்ஸுக்குப் பன்னிரண்டு மைக் வைக்கப் பழகினேன். டிரம்ஸ் இருக்கும் அறையைக் காது கொடுத்துக் கேட்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லெட் ஜெப்பலின் என்ற ஆங்கில ராக் குழுவின் முதல் ஆல்பம்தான் அதைச் சொல்லித்தந்தது.

1968 இலையுதிர் காலத்தில் லண்டன் பார்ன்ஸிலுள்ள ஒலிம்பிக் ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்தார்கள். மொத்தம் 36 மணி நேரம், செலவு 1,782 பவுண்டு என்று குழுவின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் சொல்லியிருக்கிறார். இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் கைக்கு வராத நேரம் அது, தயாரிப்பாளரும் அவரே. ஸ்காண்டிநேவியாவில் மேடையில் வாசித்துப் பழகிய பிறகுதான் ஸ்டுடியோவுக்குள் போனார்கள். அதனால்தான் அந்த வேகம்.

கிட்டார் ஒலி வரும் ஆம்ப்ளிஃபயரை ஒட்டி ஒரு மைக், பல அடி தள்ளி இன்னொன்று. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையும் பேஜ் சேர்த்துப் பிடித்தார். டிரம்ஸ் கதை இன்னும் அழகு. பொறியாளர் கிளின் ஜான்ஸ், டிரம்ஸ் மைக் ஒன்றை எடுத்து அக்குஸ்டிக் கிட்டாரைப் பதிவு செய்துவிட்டுத் திருப்பி வைத்தார். அந்த மைக்கின் ஒலி ஸ்டீரியோவில் பாதி இடப்பக்கம் தள்ளியே இருந்துவிட்டது. கேட்டால், டிரம்மர் ஜான் பான்ஹமின் டிரம்ஸ் அகலமாக விரிந்திருக்கிறது! உடனே இன்னொரு டிரம்ஸ் மைக்கின் ஒலியை வலப்பக்கம் தள்ளினார். இரண்டு மைக்கும் ஸ்னேர் என்னும் சிறு டிரம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி அமைத்தார். இன்று அவர் பெயராலேயே வழங்கும் முறை அது.

இரண்டாவது பாட்டை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் பாடகர் ராபர்ட் பிளான்டின் குரல், அடுத்த வரி வருமுன்பே தூரத்தில் மெலிதாகக் கேட்கும். வேறு மைக்கில் கசிந்த குரல். எனக்கு அந்த இடத்தில் இப்போதும் உடம்பு சிலிர்க்கும். நாம் பிள்ளைகளிடம் அதைத்தான் முதலில் துடைக்கச் சொல்கிறோம்.

என் வேண்டுகோள் இதுதான். முதல் வாரம் கணினியைத் திறக்க வேண்டாம். நான்கு பேர் ஒன்றாக வாசிக்கட்டும். மாணவர் கையில் மூன்று மைக் மட்டும் கொடுங்கள். மைக்கை எங்கே நிறுத்துவது என்று காதால் தேடி அவர் அறை முழுக்க நடக்கட்டும். அப்புறம் பதிவானதை எல்லோரும் சேர்ந்து கேளுங்கள், கசிவோடு.

அன்புடன்,
உங்களிடம் படித்த ஒருவன்