சாலையைக் கடக்க ஒரு மனு

கார்டிஃப்,
23.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மா, நீங்கள், மதினி, பிள்ளைகள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே குளிர் வந்துவிட்டது. மாலை நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மருத்துவமனையில் இந்த மாதம் எனக்கு இரவுப் பணிதான் அதிகம்.

சுற்றிய பீடியைக் கொடுக்க பீடிக்கடைக்குப் போன பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை பைக் இடித்துத் தள்ளிவிட்டது என்று மதினி சொன்னதிலிருந்து மனம் ஆறவில்லை. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை வார்டில் தினமும் பார்க்கிறவள் நான். தென்காசி ரோடு இருவழியாக இருந்தபோது அவர்கள் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு எட்டில் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். இப்போது ரோடு அகலமாகிவிட்டதால், நாலு எட்டு வைத்தால் நடு ரோட்டில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

சாலையைக் கடக்க வசதி கேட்டு நீங்கள் மனு கொண்டுபோன இடத்தில், “மக்கள்தான் பார்த்துக் கடக்க வேண்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாமே. “அங்கே இருப்பவர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள், நம்மூரில் இதெல்லாம் நடக்காது” என்று நீங்களும் சலித்துக்கொண்டீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுதிவைத்தால் நீங்கள் நாலு பேருக்குப் படித்துக் காட்டலாம்.

இவர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் இல்லை அண்ணா. 1930இல் வந்த சட்டம் இங்கே பிரிட்டனில் கார்களுக்கு இருந்த வேக வரம்பையே நீக்கியது. 1934இல் மட்டும் 7,300க்கும் மேற்பட்டவர்கள் சாலையில் செத்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நடந்துபோனவர்கள். 1929இலேயே இங்கே பாதசாரிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். லிவிங் ஸ்ட்ரீட்ஸ் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. கார் வைத்திருந்தவர்களின் செல்வாக்கை எதிர்த்துக் கேட்டுக்கேட்டுத்தான் 1935இல் ஊர்ப்பகுதிகளுக்கு மணிக்கு 30 மைல் வேக வரம்பு வந்தது. கறுப்பு வெள்ளைக் குறுக்குக்கோடு வந்தது 1951இல். தெருமுனையில் கடக்கக் காத்து நிற்பவருக்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று சாலை விதிப் புத்தகத்தில் எழுதியது 2022 ஜனவரியில். ஏறக்குறைய நூறு ஆண்டு வேலை இது. இன்னும் முடியவில்லை.

மருத்துவமனைக்கு எதிரே சிக்னல் கம்பத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு நின்றால் பச்சை மனிதன் விளக்கு எரியும். அந்தப் பெட்டியின் அடியில் கையை விட்டுப் பார்த்தால் விரல்நுனி அளவுக்கு ஒரு சிறிய குமிழ் தட்டுப்படும். மேலெல்லாம் வரிவரியாக இருக்கும். பச்சை எரியும்போது அது சுழலும். கண் தெரியாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், சுழன்றதும் கடப்பார்கள். கண்ணில் படாத இடத்தில் இருக்கும் அந்தக் குமிழுக்காகவும் யாரோ ஒருவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

கார்டிஃப் இருக்கும் இந்த வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் வீடுகள் நிறைந்த தெருக்களில் பொது வேக வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தார்கள். நம் கணக்கில் மணிக்கு 32 கிலோமீட்டர். 30 மைல் வேகத்தில் வரும் காரை ஓட்டுநர் சுதாரித்து பிரேக் போட்டு நிறுத்த 23 மீட்டர் ஆகும். 20 மைல் என்றால் 12 மீட்டர் போதும். அந்த 11 மீட்டருக்குள்தான் ஒரு பிள்ளை நிற்கிறது. இதற்கும் எதிர்ப்பு கொஞ்சமல்ல. விதியைக் கைவிடக் கோரிய மனுவில் நாலரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பிறகு சில சாலைகளில் பழைய வேகத்தைத் திரும்பக் கொண்டுவர உள்ளாட்சிகளுக்கு வழிவிட்டார்கள். ஆனால் பொது விதி மாறாமல் நிலைத்துவிட்டது. அரசைக் குறை சொல்பவர்கள் என் வார்டிலும் உண்டு. அவர்களிடம் நான் விடாமல் வாதாடுகிறேன், ஏனென்றால் அடிபட்டு வருபவர்களைத் தூக்கிப் படுக்கவைப்பது நாங்கள்தான்.

எங்கள் தெருமுனையிலும் சாலையைக் கடக்க ஒரு கடவு வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கேட்கும் முறையைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு நோட்டில் கோடு கிழிக்கிறார். கடந்தவர்களுக்கு ஒரு பக்கம், பிள்ளை வண்டி தள்ளி வந்தவர்களுக்கு ஒரு பக்கம். மூன்றாவது பக்கம், கடக்க வந்துவிட்டுப் பயந்து திரும்பிப் போனவர்களுக்கு. அந்த மூன்றாவது பக்கம்தான் உயிர். கடப்பவர்களை மட்டும் எண்ணினால் “இங்கே யாரும் கடப்பதில்லையே” என்று அதிகாரி சொல்லிவிடுவார். பயந்து வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நம்மூரிலும் இதைச் செய்யலாம். பள்ளிக்கூடம் விடும் நேரம், பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கும் நேரம் இரண்டையும் எண்ணுங்கள். உங்கள் மூத்தவன் எட்டாம் வகுப்புதானே, அவனும் கூட்டாளிகளும் ஓரத்தில் நின்று எழுதிவிடுவார்கள். ரோட்டில் இறங்கக் கூடாது என்று அத்தை சொன்னதாகச் சொல்லுங்கள்.

சட்டம் நமக்கு எதிராக இல்லை அண்ணா. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட சாலைப் பாதுகாப்பு வழக்கு இன்னும் நடக்கிறது. அதில்தான் 2025 மே 14 அன்று, நல்ல நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அக்டோபரில், நடப்பவர்களின் பாதுகாப்புக்கு மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதி வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவு அந்த அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிறது. 2022இல் மட்டும் நம் நாட்டில் நடந்துபோனவர்கள் 32,825 பேர் சாலையில் செத்திருக்கிறார்கள். மத்திய அரசே வெளியிட்ட கணக்கு இது. மனுவில் இவற்றை எழுதுங்கள்.

ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். நீங்கள் வார்டு உறுப்பினர், நீங்கள் எழுந்து சொன்னால் தட்ட முடியாது. தீர்மான நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கொக்கிரகுளம் போய், ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர், அங்கே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக “பாதுகாப்பு வேண்டும்” என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே தரையிலிருந்து சற்று உயர்த்திய கடவு, அதன்மேல் விளக்கு, நடுத்திட்டில் ஒரு ஆள் நிற்க இடம், ஊர் எல்லையிலேயே வேகப் பலகை என்று இடம் குறித்துக் கேளுங்கள். முதல் கையெழுத்து பீடி சுற்றும் பெண்களுடையதாக இருக்கட்டும். மதினி கூப்பிட்டால் ஒரு வீடு விடாமல் வருவார்கள்.

தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரைக் கூட்டம் நம் ரோட்டு வழியாக வரத் தொடங்கிவிடும். பச்சை வேட்டி, பச்சைச் சேலை இருட்டில் தெரியவே தெரியாது. தண்ணீர்ப் பந்தல் போடுகிறீர்கள் அல்லவா, அங்கேயே ஒளிரும் ஸ்டிக்கர் வாங்கிவைத்து ஆளுக்கொன்று முதுகுப்பையில் ஒட்டிவிடுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வரிசையாக நடக்கச் சொல்லுங்கள். இங்கேயும் விதிப் புத்தகம் அதையே சொல்கிறது. ஸ்டிக்கருக்கான பணத்தை இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.

பெரியம்மாவின் எக்ஸ்ரேயைப் படம் பிடித்து அனுப்புங்கள், இங்கே டாக்டரிடம் காட்டிக் கேட்கிறேன். மனுவை எழுதி முடித்ததும் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

அன்புத் தங்கை,
செல்வி