மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறு கழுகுகளையும் நீர்மருது மரங்களையும் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்: சீகூர் பகுதி கால்நடை வளர்ப்போர், பறவை ஆர்வலர்கள்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்

பொருள்: கால்நடை வலிமருந்துக் கண்காணிப்பு, பாறுகள் கூடு கட்டும் மரங்களின் பாதுகாப்பு குறித்து

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில், பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகளில் வெண்முதுகுப் பாறுகள் ஓடைக்கரை நீர்மருது மரங்களிலும், கருங்கழுத்துப் பாறுகள் செங்குத்துப் பாறைகளிலும் கூடு கட்டுகின்றன. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். ஆகவே ஒரு பறவை செத்தாலும் ஈடாக வெகுகாலம் பிடிக்கும்.

இரைக்காக இவை காப்பக எல்லை தாண்டி நெடுந்தூரம் பறக்கின்றன. டைக்ளோபினாக் என்னும் வலிமருந்து ஏறிய மாடு இறந்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து சில நாட்களில் சாகும். நூறில் ஒன்றுக்கும் குறைவான பிணங்களில் இம்மருந்து இருந்தாலே பாறுகளின் எண்ணிக்கை சரியும். கால்நடைக்கு இது 2006-இலேயே தடைசெய்யப்பட்டது. மனித மருந்தை மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க, மனிதருக்கான ஊசிக்குப்பி 2015-இல் 3 மி.லி.யாகக் குறைக்கப்பட்டது, ஆனாலும் 300 கிலோ மாட்டுக்கு அதில் நான்கு குப்பி போதும் என்பதால் ஓட்டை முழுதாக அடைபடவில்லை. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகிய வேறு இரு வலிமருந்துகளும் கால்நடைக்கு 2023-இல் தடையாயின. மாட்டின் உடலில் அசிக்ளோபினாக் டைக்ளோபினாக்காகவே மாறிவிடும்.

மசினகுடி, சீகூர் வட்டார மருந்துக்கடைகளை மருந்து ஆய்வாளர் முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். புளூனிக்சின் என்னும் வலிமருந்தும் பாறுகளுக்கு நச்சே, அரசு கால்நடை மருந்தகங்கள் அதை வாங்கக் கூடாது. மெலாக்சிகாம், டோல்பெனமிக் அமிலம் ஆகிய இரு வலிமருந்துகளும் பாறுகளுக்குப் பாதுகாப்பானவை. மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம், 5 மி.கி./மி.லி. குப்பியில் 300 கிலோ மாட்டுக்கு 30 மி.லி. செலவாகும். தட்டுப்பாடு வந்தால்தான் மக்கள் மனித மருந்தை நாடுகிறார்கள். எனவே இருப்பு குறையாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. வலிமருந்து போட்ட ஒரு வாரத்துக்குள் இறந்த மாட்டை ஆழமாகப் புதைக்கவும், மருந்தேறாத பிணத்தைத் திறந்தவெளியில் விடவும் ஊராட்சிகளுக்கு உத்தரவு தேவை.

புலி, சிறுத்தை அடித்த மாட்டுக்கு இழப்பீடு தாமதமானால் பிணத்தில் விஷம் வைக்கும் ஆபத்தும் உண்டு. அது பாறுகளையும் கொல்லும், இழப்பீட்டை விரைவுபடுத்துங்கள்.

பாறுகள் கூடு கட்டும் மரங்களின் அடியில் அடர்ந்த உண்ணிச்செடி (லாண்டானா) கோடைத்தீயைக் கிளைவரை ஏற்றிவிடும். கூடுகட்டும் காலம் அக்டோபர் வாக்கில் தொடங்குவதால், ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அகற்ற வேண்டும். மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். தரைக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். நீர்மருது நாற்றங்கால் ஒன்றும் வனத்துறை வழியே அமைத்துத் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சீகூர் பகுதி கால்நடை வளர்ப்போர், பறவை ஆர்வலர்கள்