முதலாண்டில் முழுநீள நாடகம் வேண்டாம்: பகுதிநேர நாடகப் பள்ளிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தை எழுத உட்காரும்முன் இந்த ஒரு கோரிக்கையைக் கவனியுங்கள். முதலாண்டு மாணவர்களை வைத்து ஆண்டு முடிவில் முழுநீள நாடகம் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு இரண்டு மாலை, மாலைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 36 வாரத்தில் 216 மணி நேரம் கிடைக்கும். வாரம் 30 மணி நேரம் படிக்கும் முழுநேர மாணவர் அதை எட்டே வாரத்தில் கடந்துவிடுவார். இந்தச் சொற்ப நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேர நாடகத்தின் ஒத்திகைக்குக் கடைசி 12 வாரத்தை எடுத்தால் 72 மணி நேரம், அதாவது மூன்றில் ஒரு பங்கு, போயிற்று. அதிலும் பெரிய பாத்திரம் கிடைத்த நாலைந்து பேர்தான் வேலை செய்கிறார்கள். மற்றவர்கள் ஈட்டி பிடித்து நிற்கிறார்கள், இல்லாவிட்டால் சுவரோரம் உட்கார்ந்து செல்பேசியைத் தடவுகிறார்கள். கட்டணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

நேரம் போவதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. அரங்கேற்றத் தேதி நெருங்க நெருங்க ஆசிரியர் இயக்குநராகிவிடுகிறார். ‘இங்கே நில், இந்தச் சொல்லில் குரலை ஏற்று, இப்போது திரும்பு’ என்று முடிவுகளைக் கையில் கொடுக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, வேறு வழி இல்லை. ஆனால் அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்வது என்பதுதான் மாணவர் கற்க வந்த விஷயம். கைதட்டல் வாங்கிய அதே மாணவரிடம் இரண்டாம் ஆண்டில் புதுப் பிரதியைக் கொடுத்தால், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ஆசிரியர் முகத்தையே பார்க்கிறார்.

வகுப்பின் அளவையும் இதே கையோடு பேசிவிடலாம். இருவர் நடிக்கும் காட்சிக்கு ஐந்து நிமிடம், அதைப் பற்றிப் பேசித் திருத்தி மறுபடி பார்க்கப் பத்து நிமிடம். 16 மாணவர் என்றால் எட்டு ஜோடி, இரண்டு மணி நேரம். உடலையும் குரலையும் தயார் செய்ய 40 நிமிடம் போக மூச்சுவிட 20 நிமிடம் மிஞ்சும். 24 மாணவர் என்றால் பன்னிரண்டு ஜோடிக்கே மூன்று மணி நேரமும் சரியாகிவிடும். அப்போது முதலில் வெட்டுப்படுவது உடற்பயிற்சிதான். பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருபவருக்கோ அதுதான் முதல் தேவை: தோள் காதுவரை ஏறியிருக்கும், தாடை இறுகியிருக்கும், மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நின்றிருக்கும். ஆகவே 16க்கு மேல் சேர்க்காதீர்கள். சேர்த்தால் இரண்டாவது ஆசிரியரையும் இரண்டாவது அறையையும் கொடுங்கள். சிமென்ட் தரையில் குதிக்க விடாதீர்கள், முழங்கால் பேசும்.

முழுநீள நாடகம் இல்லையென்றால் ஆண்டை எப்படிப் பிரிப்பது? முதல் பத்து வாரம் உடலுக்கும் குரலுக்கும். தரையில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, வயிறும் விலாவும் விரிவதைக் கவனிப்பதிலிருந்து தொடங்கலாம். பிறகு உதடுகளைத் துடிக்கவிட்டு ‘ப்ர்ர்’ ஒலி, ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியே ‘ஊ’. சிறுபிள்ளை விளையாட்டு என்று சிலர் சிரிப்பார்கள். வாய்ப்பக்கம் வழி குறுகும்போது உண்டாகும் எதிரழுத்தம் குரல்நாண்கள் பலமாக மோதிக்கொள்வதைக் குறைக்கிறது, அதனால்தான் இந்தப் பயிற்சி. தொண்டையால் கத்திப் பழகியவரின் குரல் ஒத்திகை உச்சத்தில் இருக்கும்போதுதான் கட்டும். கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் கஷாயம் போதாது, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தமிழ் வசனத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, மூச்சு தீர்வதும் அங்கேதான். ‘உன்னை நான் மன்னிக்க மாட்டேன்’ என்பதில் பின்வரிசைக்குக் கேட்காமல் போகும் சொல் ‘மாட்டேன்’. வாக்கியமே தலைகீழாகிவிடுகிறது. லகர ளகர ழகரத்தில் மாதக்கணக்காகக் கவனம் செலுத்தும் பள்ளிகள்கூட இதை விட்டுவிடுகின்றன. வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டிப் பழக்குங்கள்: முதலில் ‘மாட்டேன்’, பிறகு ‘மன்னிக்க மாட்டேன்’, பிறகு முழுதும். அரங்கின் கடைசி இருக்கையில் ஒரு மாணவரை உட்கார வைத்து, கேட்காத சொல்லுக்கெல்லாம் கையைத் தூக்கச் சொன்னால் போதும், விளக்கவுரையே தேவையில்லை.

பத்தாவது வாரத்துக்குப் பிறகு காட்சிகள். ‘இங்கே கோபமாக நடி’ என்றால் மாணவர் புருவத்தைத்தான் நெரிப்பார். கோபத்தை நேரடியாக நடிக்க முடியாது. எதிரில் இருப்பவரை ஏதாவது செய்யத்தான் முடியும்: மிரட்டலாம், மட்டம் தட்டலாம், கெஞ்சலாம், வாயடைக்க வைக்கலாம். ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் இப்படி ஒரு வினைச்சொல்லைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், ஒத்திகையில் பாதி மாறிவிடும். கூடவே பாத்திரத்தைப் பற்றி மூன்று கேள்விகள்: இவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் என்ன இழப்பாள்? மூன்றாவதுக்குப் பதில் இல்லாத காட்சி இரண்டாவது நிமிடத்தில் சாய்ந்துவிடும்.

சொந்தத் துயரத்தைக் கிளறி அழ வைக்கும் பயிற்சிகளை முதலாண்டில் தொடவே வேண்டாம். நடிப்புப் பயிற்சிக்கு ஒரு முறையை வகுத்த ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் பெயரைச் சொல்லித்தான் இது நடக்கிறது. ஆனால் அவரே 1934இல் பாரிஸில் அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லருடன் காட்சிகளை அலசியபோது பாத்திரத்தின் சூழ்நிலைகளுக்கும் கற்பனைக்கும்தான் அழுத்தம் கொடுத்தார். கடைசி ஆண்டுகளில் உடற்செயல்களின் பக்கம் நகர்ந்தார். ஒன்பது மணிக்கு ஒருவரை உடைத்து அழ வைத்துவிட்டு ஒன்பதே காலுக்குத் தனியாக வீட்டுக்கு அனுப்புவது பயிற்சி ஆகாது. தொடுதலும் அப்படியே. எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை இருவரும் ஆசிரியர் முன்னிலையில் பேசி முடித்த பிறகே அந்தக் காட்சியை எடுக்க வேண்டும்.

வகுப்பு இல்லாத ஐந்து நாளுக்கும் திட்டம் கொடுங்கள். முந்தின இரவு இரண்டு மணி நேரம் முட்டிமோதுவதைவிட நாளுக்கு 20 நிமிடம் பழகுவது மேலானது. ஐந்து நிமிடம் மூச்சும் குரலும், பத்து நிமிடம் வசனம், ஐந்து நிமிடம் வெளியில் பார்த்த ஒருவரின் நடையைக் குறிப்பேட்டில் எழுதுவது. வசனத்தை ஏற்ற இறக்கம் இல்லாமல், நடந்துகொண்டே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். ராகத்தோடு மனதில் பதிந்த வசனத்தை எதிராளி எப்படிப் பேசினாலும் மாற்ற முடியாது. அவருடைய கடைசிச் சொல்லை மட்டும் பிடித்து வைத்துக்கொள்பவர் மேடையில் காத்திருப்பார், கேட்கமாட்டார். எட்டு வாரக் காட்சி என்றால் நான்காவது வாரத் தொடக்கத்தில் பிரதி கையைவிட்டுப் போக வேண்டும். ஜோடி வராத நாளுக்கு மாற்றாள் ஒருவர் ஒவ்வொரு காட்சிக்கும் இருக்கட்டும். வேலைக்குப் போகிறவர்களின் வகுப்பில் அது நடக்கும், திட்டுவதில் பயனில்லை.

பெற்றோரும் நண்பர்களும் பார்க்க ஏதாவது வேண்டாமா என்பீர்கள். வேண்டும். 34, 35ஆவது வாரங்களில் திறந்த வகுப்பு இரண்டு வையுங்கள். ஐந்து நிமிடக் காட்சிகள் எட்டு, உடைக்கும் அரங்கப் பொருளுக்கும் செலவில்லை, பொதுவான ஒளி. ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் நிச்சயம். காட்சி முடிந்ததும் ஆசிரியர் எல்லோர் முன்பும் ஒரு திருத்தம் சொல்லி, அதே காட்சியை மறுபடி ஓட்டலாம். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் உள்ள வித்தியாசம் பார்வையாளருக்கே தெரியும். ஒளி, ஒலி, ஒப்பனை எல்லாம் இரண்டாம் ஆண்டுக்கு நிற்கட்டும்.

கடைசியாக ஒரு நிர்வாக விஷயம். சனி, ஞாயிறு கூடுதல் ஒத்திகை ஏதாவது இருந்தால் அந்தத் தேதிகளைச் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். பாதி ஆண்டில் அறிவித்தால் வேலையில் விடுப்பு வாங்க முடியாதவர்கள்தான் முதலில் நின்றுவிடுகிறார்கள்.

அன்புடன்,
மாலை வகுப்புகளில் நடிப்புப் பயிற்சி தரும் சில ஆசிரியர்கள்